தென்னையில சுருள் வெள்ளை ஈ, மருந்து அடிக்கலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். ஆனைமலை பக்கம் நமக்கு ரெண்டு ஏக்கர் தென்னை. மழை நின்னதுல இருந்து சுருள் வெள்ளை ஈ தொல்லை தாங்கல, ஓலைக்கு அடியில வட்டம் வட்டமா வெள்ளையா முட்டை, அது கழிக்கிற பிசுபிசுப்பு கீழ் ஓலை மேல விழுந்து கரும்பூசணம் படிஞ்சு மரமே கரி அப்பின மாதிரி நிக்குது, ஊடுபயிரா போட்ட வாழையையும் விட்டு வைக்கல. 2016ல பொள்ளாச்சி பக்கம் வந்த சனியன், இன்னும் போன பாடில்ல.

கடைக்காரர் ரசாயன மருந்தைத்தான் எடுத்து நீட்டுறாரு. அதை அடிச்சா ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வச்சு அதை அழிக்கிற என்கார்சியா குளவியும் சேர்ந்து செத்துடும்ல? அதனால ஈ வந்து ஒட்டிக்கிற மாதிரி விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் அட்டை கட்டியாச்சு. கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை அடிக்கச் சொல்றாங்க, ஆனா இவ்ளோ உயரத்துக்கு எப்படிங்க அடிக்கிறது, மரம் ஏற ஆளே இல்ல. ட்ரோன் வச்சா மேல இருந்துதானே விழும், ஈ இருக்கிறது ஓலைக்கு அடியில.

டிராக்டர் ஸ்ப்ரேயர் வாடகைக்கு எடுத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? மரத்துக்கு எவ்ளோ ஆச்சு? ஆழியார் தென்னை ஆராய்ச்சி நிலையத்துல இப்போ என்கார்சியா கிடைக்குதா, முன்னாடியே சொல்லி வைக்கணுமா? தெரிஞ்சவங்க கமெண்ட்ல போடுங்க.