புதுப்பிப்பு: அவருடைய நோட்டுகளும் டென்னிஸ் ராக்கெட்டுகளும்

போன மாதம் கேட்டிருந்தேன், என் கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது, விமானங்களைப் பார்த்துப் பார்த்து அவர் எழுதி வைத்த பதினோரு நோட்டுகளையும் மூன்று டென்னிஸ் ராக்கெட்டுகளையும் என்ன செய்வது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

இரண்டு ராக்கெட்டுகளை எங்கள் தெருவில் பயிற்சிக்குப் போகும் பையனிடம் கொடுத்துவிட்டேன். ஸ்ட்ரிங் மாற்ற வேண்டும் என்றான், சரி, அதற்கும் பணம் கொடுத்தேன். மூன்றாவது என்னிடமே இருக்கிறது, கைப்பிடியில் அவருடைய வியர்வைக் கறையோடு.

நோட்டுகளைக் கொடுக்க மனசு வரவில்லை, படிக்க ஆரம்பித்துவிட்டேன். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பரங்கிமலைப் படியில் உட்கார்ந்து எழுதியவை. மேல்காற்று அடித்தால் மீனம்பாக்கத்துக்கு வரும் விமானம் மலைப் பக்கமிருந்து வந்து 25 என்று எழுதிய ஓடுபாதை முனையில் இறங்கும், ஐப்பசி கார்த்திகை வாடைக்காற்று என்றால் எதிர்முனை 07, திசைகாட்டி காட்டும் பாகையில் கடைசி இலக்கத்தை விட்டால் அந்த எண் வரும் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார், நான் சும்மா தலையாட்டியிருக்கிறேன்.

2008 ஜனவரியில் ஒரு பக்கம் முழுக்க விமானமே இல்லை. நுங்கம்பாக்கத்தில் நடால், மோயா டென்னிஸ் அரையிறுதி, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம், மூன்று செட்டும் ஆறுக்கு ஆறு சமனாகி டைபிரேக்கில்தான் முடிந்தன. ஓரத்தில் சின்னதாக, "இவளுக்குத் தூக்கம், ஆனாலும் எழுந்து போகவில்லை."

தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன், அவ்வளவுதான்.