‘வருநகல்’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் தனித்தனி வழங்கிகளை (சர்வர்) நடத்தும் நிர்வாகிகளுக்காக நாம் எழுதிவரும் கையேட்டில் இரண்டு வெவ்வேறு இடங்களை ‘ஊடகச் சேமிப்பகம்’ என்ற ஒரே சொல்லால் குறித்திருக்கிறோம். அதன் விலையை நான் கொடுத்துவிட்டேன்.

கடந்த மார்கழியில் என் சிறிய வழங்கியின் வட்டு நிரம்பியது. உதவிக்கு வந்த தம்பிக்கு, “சேமிப்பகத்தைக் காலி செய்துவிடு, எல்லாம் தானாகத் திரும்பி வரும்” என்று எழுதினேன். உள்ளே, பிற வழங்கிகளிலிருந்து வந்த படங்களுக்கு ‘கேஷ்’ என்று ஒரு கோப்புறை, நம்மவர்கள் ஏற்றியவற்றுக்கு ‘மீடியா அட்டாச்மென்ட்ஸ்’ என்று இன்னொன்று. அவர் இரண்டாவதை அழித்துவிட்டார். காப்புப்படி (பேக்கப்) பத்து நாள் பழையது. நாள்தோறும் கோலம் போட்டுப் படம் ஏற்றிவந்த அக்காவின் கடைசிப் பத்துக் கோலங்களும் போயின. தம்பியைக் குறை சொல்ல முடியாது. நான் எழுதிய சொல் அப்படி.

மாஸ்டடானில் நாம் ஏற்றும் படம் நம் வழங்கியில்தான் இருக்கும். வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஆக்டிவிட்டிபப் வழியே பிற வழங்கிகளுக்குச் செல்லும் பதிவில் படம் போவதில்லை, அதன் முகவரிதான் போகிறது. பெறும் வழங்கி அங்கே போய்ப் படத்தை இறக்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால், இருபது பேர் உள்ள வழங்கியின் படம் ஒன்று பரவலாகப் பகிரப்பட்டதும் ஊரே அதன் வாசலில் வந்து நிற்கும். பார்ப்பவர்களின் ஐபி முகவரியும் அங்கே தெரிந்துவிடும். என் வட்டை நிரப்பியவை இப்படி வந்தவைதாம். மாஸ்டடான் நிர்வாகிகளுக்கான ‘டூட்சிடிஎல் மீடியா ரிமூவ்’ கட்டளை, நாள் எதுவும் குறிப்பிடாவிட்டால், இவற்றில் 7 நாளைக் கடந்தவற்றை நீக்கும். பழைய பதிவை யாராவது திறந்தால் படத்தை மறுபடி இறக்கிக்கொள்ளும்.

பிற வழங்கிகளிலிருந்து இறக்கிவைத்த இந்த வகைக்குத்தான் சொல் தேவை. ‘பதுக்ககம்’ என்றால் எனக்கு ரேஷன் அரிசிதான் நினைவுக்கு வருகிறது. ‘இரவல் கோப்பு’ அழகுதான், ஆனால் இரவலைத் திருப்பித் தர வேண்டுமே! ‘வரவுப்படி’ என்று ஒருவர் சொன்னார். பயணப்படி, பஞ்சப்படியோடு அதுவும் சம்பளப் பட்டியலில் ஏறிவிடும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இங்கே ஏழு நாள், அவ்வளவுதான் வேறுபாடு. அதனால் முதலில் ‘விருந்துக் கோப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். கல்யாணப் பந்தி போல இருந்தது. வந்து தங்கிப் போவது என்ற கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு ‘வருநகல்’ என்கிறேன். வருபுனல் போல வினைத்தொகை. நம் வழங்கியில் ஏற்றியது ‘மூலக்கோப்பு’. ‘வருநகலை நீக்கு’ என்று பொத்தானில் கண்டால் யாரும் கோலத்தை அழிக்க மாட்டார்கள்.

கையேட்டில் இன்னொரு சொல்: கோப்புகளை வழங்கியின் வட்டில் வைக்காமல் தனியே வைக்கும் எஸ்3 வகைச் சேமிப்புக்குப் (ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்) ‘பொருள் சேமிப்பு’ வேண்டாம், ‘கோப்புக் கிடங்கு’ போதும்.

ஓர் இடறல் உண்டு. படம் முதலில் ஏற்றப்பட்ட தாய் வழங்கி மூடப்பட்டுவிட்டால் வருநகலை மறுபடி இறக்க இடமில்லை. நம்மிடம் உள்ளதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். அதையும் வருநகல் என்றே அழைத்தால், ஏழாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடுவோம். அதற்கு ‘அனாதை நகல்’ என்றார் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘எஞ்சுநகல்’ எப்படி?

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்திவிடுகிறேன்.