பீட்டர் ஆர்னெட்டை நீக்கியது சரியா?

மாறன்:
2003 மார்ச் 31 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி, போர் நிருபர் பீட்டர் ஆர்னெட்டை வேலையிலிருந்து அனுப்பியது. ஈராக் மீது அமெரிக்கா போர் நடத்தும்போதே பாக்தாதில் ஈராக் அரசுத் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்து, அமெரிக்காவின் முதல் போர்த் திட்டம் தோற்றுவிட்டது என்று சொன்னாராம். வியட்நாம் செய்திகளுக்காக 1966-இல் பத்திரிகைத் துறையின் புலிட்சர் விருது வாங்கிய மனுஷன்! அதே 2003 போர் நாட்களில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளே அமெரிக்க சேனல்களில் உட்கார்ந்து அந்தப் போர்த் திட்டத்தைக் குறை சொன்னார்களே, அவர்களை யார் வேலையை விட்டு அனுப்பினார்கள்?

தேன்மொழி:
அதிகாரிகள் பேசியது சொந்த ஊர் சேனலில். இவர் பேசியது எதிரி அரசின் மைக்கில். பன்னிரண்டு வருடமாகச் சுதந்திரமாகச் செய்தி சேகரிக்க விட்டார்கள் என்று ஈராக் தகவல் அமைச்சகத்தைப் பாராட்டவும் செய்தார். நிருபர் கேள்வி கேட்கப் போனவர், பேட்டி கொடுக்கப் போனவர் இல்லை. சரி, கணிப்பாவது பலித்ததா? ஏப்ரல் 9-இல் பாக்தாத் விழுந்தது.

மாறன்:
கணிப்பு தப்பினால் வேலை போகும் என்றால் ஒரு சேனலிலும் ஆள் மிஞ்சாது. 1991 வளைகுடாப் போரையும் பாருங்கள். ஜனவரி 17 அதிகாலை குண்டு விழும்போது பாக்தாத் அல் ரஷீத் ஹோட்டலிலிருந்து ஆர்னெட், பெர்னார்ட் ஷா, ஜான் ஹாலிமன் மூவரும் சிஎன்என்னில் நேரலையில் பேசிக்கொண்டிருந்தார்கள். படம் கிடையாது, குரல் மட்டும். மற்ற இருவரும் கிளம்பிய பிறகும் இவர் இருந்தார். பிப்ரவரி 13 அன்று பாக்தாதின் அமிரியா பதுங்கிடத்தில் அமெரிக்கக் குண்டு விழுந்து 400-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். அது ராணுவக் கட்டளை மையம் என்றது அமெரிக்கா. அங்கே நிருபர்களே இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒரு பக்கக் கதைதானே நமக்கு வந்திருக்கும்?

தேன்மொழி:
இருந்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈராக் ஆள் கூட்டிப்போன இடத்துக்குத்தான் போனார், தணிக்கையாளர் விட்டதைத்தான் அனுப்பினார். குழந்தைப் பால்மாவு தொழிற்சாலை ஞாபகம் இருக்கிறதா? உயிரியல் ஆயுதக் கூடம் என்று அமெரிக்கா சொன்ன கட்டடம்; ஈராக் காட்டியபடி பால்மாவுத் தொழிற்சாலை என்றே இவர் செய்தி அனுப்பினார்.

இளவேனில்:
தணிக்கைக்கு உட்பட்ட செய்தி என்று சிஎன்என் சொல்லித்தானே ஒளிபரப்பியது? மறைத்திருந்தால்தான் தப்பு. அதே போரைச் சவூதி பக்கம் இருந்து எழுதிய நிருபர்களும் அமெரிக்க ராணுவம் வகுத்த குழு முறையில்தான் போனார்கள், அவர்கள் எழுதியதையும் ராணுவம் பார்த்துத்தான் விட்டது. அதை ஏனோ யாரும் தணிக்கை என்று சொல்வதில்லை.

எனக்கு இவரிடம் இருக்கும் வருத்தம் வேறு. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படை லாவோஸில் சரின் என்ற நச்சு வாயுவைப் பயன்படுத்தியது என்று 1998-இல் சிஎன்என் ஒரு நிகழ்ச்சி போட்டு, அடுத்த மாதமே வாபஸ் வாங்கியது. திரையில் முகம் ஆர்னெட்டுடையது. விசாரணை வந்ததும், தயாரிப்பில் தன் பங்கு மிகக் குறைவு என்றார். தயாரிப்பாளர்களுக்கு வேலை போனது, இவருக்குக் கண்டிப்பு. டிவியில் பெரிய பெயர்களின் பிழைப்பு இப்படித்தான்: அலைவது, ஆள் தேடுவது, எழுதுவது எல்லாம் யாரோ, கேமரா முன் நிற்பவருக்குப் பெயர். அந்தப் பெயரை வாங்கிக்கொண்டால் பழியையும் வாங்கிக்கொள்ள வேண்டாமா?

மாறன்:
இதில் உங்களோடு சண்டை போட முடியவில்லை. ஆனால் 2003-இல் அவரை அனுப்பியது லாவோஸ் விவகாரத்துக்காக இல்லையே. முதல் நாள் அவர் பக்கம் நின்று பேசிய என்பிசி அடுத்த நாளே கைகழுவியது. இடையில் மாறியது நேயர்களின் கோபம் மட்டும்தான்.

தேன்மொழி:
உடனே போரை எதிர்த்த பிரிட்டிஷ் நாளிதழ் டெய்லி மிரர் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் மாறன்.