ஷார்ட்ஸ் வியூஸை வைத்து ஓட்டுக் கணக்கு போடலாமா?

பாம்பன்காரன்: எங்கள் ஊர்க் கூட்டத்தை யூடியூப் ஷார்ட்ஸில் போட்டேன். நாற்பதாயிரம் வியூஸ்! திடலில் கிடந்ததோ முந்நூறு நாற்காலி, அதிலும் பின்வரிசை காலி. கட்சி அண்ணன், "அலை அடிக்குது, அறிக்கை எழுதிக் கொடு தம்பி" என்கிறார். என்னத்தை எழுத?

மண்டபம் அக்கா: 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ, தம்பி. விரலால் தள்ளிவிட்டாலும் கணக்குத்தான். அனலிட்டிக்ஸில் 'என்கேஜ்டு வியூஸ்' பார், உடனே தள்ளிவிடாமல் நின்று பார்த்த கணக்கு அது. அப்புறம் எந்த நாட்டிலிருந்து பார்த்தார்கள் என்றும் பார். நம் பிள்ளைகள் வளைகுடாவில் இருந்து லைக் போடுவார்கள், ஓட்டுப் போட விமானம் ஏறுவார்களா?

நாட்டுப்படகு: வேட்பாளர் பெயரை நெட்டில் தேடி, எத்தனை பதிவு வருகிறது என்று எண்ணுவதும் ஆபத்து. 2024 மக்களவைத் தேர்தலில் இங்கே ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரில் எத்தனை பேர் நின்றார்கள், மறந்துவிட்டதா?

பாம்பன்காரன்: பார்த்தேன்க்கா. முதலிடம் ஐக்கிய அரபு எமிரேட்ஸ். இதை அண்ணனிடம் சொன்னால் வீடியோக் காசு பாக்கி வராதே!