உதவி: ஸ்லிக் டயர் மாட்டிய பிறகு நேரம் கூடிவிட்டது, கேம்பர் எவ்வளவு வைப்பது?

மடிவாளா_மணி
அவசரம். சனிக்கிழமை மறுபடியும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதையில் ஓட்டுகிறேன். கொஞ்சம் பள்ளம் உள்ள செமி ஸ்லிக்கைக் கழற்றிவிட்டு, பள்ளமே இல்லாத முழு ஸ்லிக் பந்தய டயர் மாட்டினேன். சுற்று நேரம் குறைய வேண்டியது, கூடிவிட்டது. நீண்ட வளைவுகளில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வெளியேதான் போகிறது. முன் டயர்களின் வெளி ஓரம் பிய்ந்து துருவியதுபோல் இருக்கிறது. இங்கே பெங்களூரில் அலைன்மென்ட் கடையில் காட்டினேன். திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது, குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) எவ்வளவு, டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) எவ்வளவு? எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

அல்சூர்_அருள்
என்ன கார்? முன்சக்கர இயக்கமா? டயர் புதியதா, யாராவது ஓட்டிக் கழித்ததா? உள்ளே நார் அடுக்கு நேர்க்குறுக்காக ஓடும் ரேடியலா, சாய்வாகப் பின்னிய பயாஸ் பிளையா? காற்று எவ்வளவு? இவை தெரியாமல் யாராலும் எண் சொல்ல முடியாது.

பிட்லேன்_பாலு
டோதான். சந்தேகமே வேண்டாம். முன்பக்கம் டோ உள்நோக்கி இருந்தால் கார் திரும்பவே யோசிக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 2 மில்லிமீட்டர் வெளியே வைத்துப் பாருங்கள், மூக்கு தானாக உள்ளே போகும். எல்லாரும் கேம்பர் கேம்பர் என்று அலைகிறார்கள், டோவை யாரும் கவனிப்பதில்லை.

பழைய_சாரதி
தம்பி, செமி ஸ்லிக்கின் எல்லையை முழுதாகத் தொட்ட பிறகுதான் ஸ்லிக்குக்குப் போக வேண்டும். இந்த வரிசையை இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன், தேடிப் படியுங்கள். முன்பக்கம் வழுக்கும்போது ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பினால் எந்த டயரும் வெளி ஓரத்தைத்தான் இழக்கும். வளைவுக்குள் நுழையும் வேகத்தைக் குறையுங்கள். அலைன்மென்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

மடிவாளா_மணி
ஃபோக்ஸ்வாகன் போலோ, பெட்ரோல். ஸ்பிரிங் மாற்றி உயரம் குறைத்திருக்கிறேன். டயர் ஒரு பந்தய அணி பயன்படுத்தியது, ரப்பர் நிறைய மீதி இருக்கிறது. காற்று 32 பிஎஸ்ஐ. சாரதி சார், அதே வேகத்தில்தான் செமி ஸ்லிக்கிலும் நுழைந்தேன், அப்போது திரும்பியது.

கோலார்_தங்கம்
மணி, 32 என்பது காலையில் நிரப்பியதா, ஓடி வந்து நின்றவுடன் அளந்ததா? இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. குளிர்ந்த டயரில் 32 வைத்தால் சில சுற்றுகளில் 38, 40 வரைகூட ஏறும். அந்த நிலையில் ஸ்லிக்கின் நடுப்பகுதி உப்பிவிடும், தரையைத் தொடும் பரப்பு சுருங்கும். போலோ எடைக்கு ரேடியல் ஸ்லிக் என்றால் சூட்டில் 27 முதல் 30 வரை என்று தொடங்கிப் பாருங்கள்.

வைட்ஃபீல்ட்_வாசு
காரணம் இதுதான். பெங்களூரில் நிரப்பிய காற்று சென்னை வெயிலில் விரியும். இங்கே 32 என்றால் அங்கே போய்ச் சேரும்போதே 35. நைட்ரஜன் நிரப்பிக்கொண்டு போங்கள், ஏறவே ஏறாது.

அல்சூர்_அருள்
வாசு சார், நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடேறினால் இரண்டும் ஒரே அளவில்தான் விரியும். பந்தய அணிகள் நைட்ரஜன் போடுவது ஈரம் இல்லாததற்காக. ஈரம் இருந்தால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று கணிக்க முடியாது.

அப்புறம் பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ குறைவு. கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளும் வெளியும் உள்ள வித்தியாசத்தை. எனவே கீழே இறங்கினால் 1.5 குறைத்துக் காட்டும். இங்கே 24 டிகிரி, அங்கே 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வெயிலால் ஏறுவதும் ஏறத்தாழ அதே அளவு. இரண்டும் சரிக்குச் சரி.

வைட்ஃபீல்ட்_வாசு
கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் வரும். கிருஷ்ணகிரி தாண்டி நிறுத்தி அளந்திருக்கிறேன், ஏறித்தான் இருந்தது.

அல்சூர்_அருள்
நெடுஞ்சாலையில் ஓடிய டயர் சூடாக இருக்கும் சார். வெயிலுக்கும் உயரத்துக்கும் அங்கே வேலையில்லை.

வைட்ஃபீல்ட்_வாசு
நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பவர்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்களா?

பிட்லேன்_பாலு
மணி ஸ்லிக்கை மாட்டிக்கொண்டே நெடுஞ்சாலையில் போனாரா? பொதுச் சாலையில் கார் டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்லிக்கில் பள்ளமே கிடையாது. மழை பிடித்தால் உயிருக்கே ஆபத்து.

மடிவாளா_மணி
இல்லை, சாலை டயரில்தான் போனேன். ஸ்லிக்கை நண்பர் வண்டியில் ஏற்றி வந்தோம்.

கோலார்_தங்கம்
நைட்ரஜன் பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிரப்பினாலும் பிட்டுக்குள் (பந்தயப் பாதையோரம் கார் நிறுத்தும் இடம்) வந்தவுடன் அளந்து, கூடுதலை அங்கேயே இறக்கிவிட்டால் போதும்.

மணி, உங்கள் பிரச்சினைக்குக் கேம்பர்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கடைத் திரையில் பச்சை என்றால் சாலைக்கான கம்பெனி அளவுக்குள் இருக்கிறது என்று அர்த்தம், அதாவது கிட்டத்தட்ட நிமிர்ந்த சக்கரம். ஸ்லிக்கின் பிடி அதிகம். பிடி கூடக் கூட வளைவில் கார் அதிகமாகச் சாயும். சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் வெளி ஓரத்தில் ஏறி நிற்கும். அதே அலைன்மென்ட்டில் செமி ஸ்லிக் தப்பித்ததற்கும் இது தப்பாததற்கும் அதுதான் காரணம். இரண்டு டயரையும் ஒரே அளவில் வைத்து நேரத்தை ஒப்பிட்டால் முடிவு தவறாகத்தான் வரும்.

ரேடியல் ஸ்லிக் என்றால் முன்னால் மைனஸ் 2.5 முதல் 3.5 டிகிரி வரை கேட்கும், மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது. பயாஸ் பிளைக்கு அவ்வளவு வேண்டாம், 2-க்குள் நிறுத்துங்கள். உறுதிசெய்ய ஒரே வழி, ஊசி வெப்பமானி. டயரை ஆற்றும் மெதுவான சுற்று ஓட்டாமல் நேராகப் பிட்டுக்குள் வந்து உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் குத்திப் பாருங்கள். உள் ஓரம் 5 முதல் 8 டிகிரி வரை கூடுதலாக இருந்தால் கேம்பர் பொருந்தியிருக்கிறது. வெளி ஓரம் கூடுதல் என்றால் இன்னும் வேண்டும். நடு மட்டும் கூடுதல் என்றால் காற்று அதிகம்.

வைட்ஃபீல்ட்_வாசு
லேசர் துப்பாக்கி வெப்பமானி போதுமே, விலையும் குறைவு.

கோலார்_தங்கம்
அது மேல்தோலை மட்டும் பார்க்கும். பிட்டுக்குள் மெதுவாக வருவதற்குள் மேல்தோல் ஆறிவிடும். ரப்பருக்குள் இருக்கும் சூடுதான் நமக்கு வேண்டும்.

பழைய_சாரதி
உயரம் குறைத்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. போலோவின் முன்பக்கம் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண். அளவுக்கு மீறி இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கை சக்கரத்தை நோக்கி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அதன் பிறகு கார் சாயும்போது கிடைக்க வேண்டிய கேம்பர் கிடைக்காது, இருப்பதும் போகும். 15 மில்லிமீட்டர் ஏற்றிப் பாருங்கள். ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்த உதவும் கேம்பர் பிளேட் இல்லாமல் இந்தக் காரில் மைனஸ் 3 வராது. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும், எனவே டோவைக் கடைசியில் வையுங்கள். ஓட்டுபவர் எடையை இருக்கையில் வைத்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

பிட்லேன்_பாலு
டோ முக்கியம் என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் வெளியே வைத்த டோவோடு சென்னை வரை ஓட்டினால் சாலை டயரின் உள் ஓரம் வேகமாகத் தேயும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில் குறி போட்டுக்கொண்டு, பந்தயப் பாதைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

அல்சூர்_அருள்
பயன்படுத்திய டயர் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்லிக் ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். பார்வைக்கு ரப்பர் நிறைய இருக்கும், பிடி இருக்காது. ரப்பரின் கடினத்தன்மையை அளக்கும் டியூரோமீட்டர் வைத்துப் பாருங்கள், 70-ஐத் தொட்டால் எந்தக் கேம்பரும் காப்பாற்றாது. கடினத்தன்மை அளந்தீர்களா?

மடிவாளா_மணி
எல்லாருக்கும் நன்றி. கேம்பர் பிளேட் போட்டாயிற்று, முன்னால் மைனஸ் 2.8, டோ வெளியே 2 மில்லிமீட்டர், சூட்டில் 29. வெளி ஓரம் பிய்வது நின்றுவிட்டது, செமி ஸ்லிக்கைவிட வேகமாக இருக்கிறது. அருள் அண்ணா, பின் டயர் 71 காட்டியது. பிரேக் பிடித்தபடி திரும்பினால் பின்பக்கம் நழுவுகிறது.

அல்சூர்_அருள்
71 என்றால் அந்தப் பின் டயர்களை மாட்டாதீர்கள். முன் டயர் எவ்வளவு காட்டியது?

கோலார்_தங்கம்
மூன்று இடங்களின் வெப்பத்தையும் போடுங்கள், மணி. பின் டோ இப்போது உள்ளேயா, வெளியேயா? போலோவுக்குப் பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே சட்டம்), ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்துத்தான் மாற்ற முடியும். அளவு தெரிந்தால் எவ்வளவு தடிமன் என்று சொல்கிறேன்.

பிட்லேன்_பாலு
மணி, இருக்கிறீர்களா?