விண்டோஸ் 11 போட்டதுக்கு அப்புறம் என் ஃபைலையே தேட முடியல, டிடிபி வேலை பாக்குறவங்க யாராவது வழி சொல்லுங்க

அச்சுமை:
வணக்கம். சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன், கல்யாண பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இதான் பொழப்பு. ரொம்ப வருசமா விண்டோஸ் 7தான், பக்கம் வடிவமைக்கற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர் அதுல பிரச்சனை இல்லாம ஓடுச்சுன்னு மாத்தாமலே இருந்தேன், மதர்போர்டு போயிருச்சு, புது சிஸ்டம் எடுத்தா 11தான் போட்டு தர்றாங்க. மத்தது எல்லாம் கை பழகிருச்சு, இந்த சர்ச் மட்டும் ஒத்து வர மாட்டேங்குது. முன்னாடி ஸ்டார்ட்ட தட்டி பார்ட்டி பேர அடிச்சா ஃபைலு வரிசையா வந்து நிக்கும். இப்ப செல்வகுமார்னு அடிச்சா நெட்ல இருக்கற செல்வகுமார் எல்லாம் வர்றாங்க, தெரியாம என்டர் தட்டிட்டா எட்ஜ் பிரவுசர் வேற திறந்துக்குது. நம்ம வீட்டு பீரோல வேட்டி எங்கன்னு கேட்டா பஜார்ல எந்த கடையில வேட்டி விக்குதுன்னு சொல்ற மாதிரி இருக்கு. சரின்னு டி டிரைவ் உள்ள போய் தேடுனா மேல கோடு ஊர்ந்துகிட்டே இருக்கு, கஸ்டமர் எதிர்ல நிக்கறாரு. விண்டோஸ் கீயும் எஃப்பும் சேர்த்து அமுக்குனா தேடற விண்டோ வரும்ல, இப்ப ஃபீட்பேக் ஹப்புன்னு ஒண்ணு வருது, ஒருவேளை நம்ம திட்டுவோம்னு தெரிஞ்சே வச்சிருப்பாங்க போல. நெட் ரிசல்ட்ட நிறுத்தணும், டி டிரைவ் வேகமா தேடணும், முடிஞ்சா ஃபைலுக்குள்ள இருக்கற பேரும் சிக்கணும். வழி இருக்கா?

பழைய_சிஆர்டி:
விண்டோஸ் எக்ஸ்பில ஒரு நாய்க்குட்டி உக்காந்து வாலாட்டிகிட்டே தேடும், ரோவர்னு பேரு, ஞாபகம் இருக்கா? எல்லாரும் அத ஓட்டுனோம். மெதுவா தேடுனாலும் நம்ம ஹார்ட் டிஸ்க்ல மட்டும்தான் தேடுச்சு அது.

நைட்ஷிஃப்ட்_அட்மின்:
அண்ணே, ஒண்ணொண்ணா போவோம்.

உங்க பழைய சிஸ்டத்துல வேகமா வந்ததுக்கு காரணம், யாரோ செட் பண்ணி குடுத்தவங்க டி டிரைவ்ல இருக்கற வேலை ஃபோல்டர லைப்ரரில சேர்த்து வச்சிருக்கணும். 7ல லைப்ரரில ஒரு ஃபோல்டர சேர்த்தா அது தானா இண்டெக்ஸ் ஆயிரும், அதாவது உள்ள என்ன இருக்குன்னு விண்டோஸ் முன்கூட்டியே பட்டியல் போட்டு வச்சுக்கும். புது சிஸ்டத்துல அந்த செட்டிங் கிடையாது, 11 முதல்ல வரும்போது கிளாசிக் மோடுல இருக்கும், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், டெஸ்க்டாப் இதை மட்டும்தான் இண்டெக்ஸ் பண்ணும். டி டிரைவ்ல தேட சொன்னா ஒவ்வொரு ஃபோல்டரா இறங்கி பாக்குது, அதான் கோடு ஊருது. செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள போங்க, அங்க சர்ச் சம்பந்தமான பக்கத்துல என்ஹான்ஸ்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத போட்டா மொத்த சிஸ்டத்தையும் எடுத்துக்கும். ஆனா என்னை கேட்டா வேண்டாம், கண்ட்ரோல் பேனல்ல இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் பழைய மாதிரியே இருக்கு, அதுல மாடிஃபை குடுத்து உங்க வேலை ஃபோல்டர மட்டும் டிக் பண்ணுங்க. முதல் தடவை இண்டெக்ஸ் ஏற நேரம் எடுக்கும், கடைய சாத்தும்போது சிஸ்டத்த ஆஃப் பண்ணாம விட்டுட்டு போங்க.

நெட் ரிசல்ட்டுக்கு செட்டிங்ஸ்ல நேரா ஒரு பட்டன் நம்ம ஊர்ல கிடையாது. ஐரோப்பாவுல டிஜிட்டல் மார்க்கெட்ஸ் சட்டம் வந்ததால 2024லேர்ந்து அங்க உள்ளவங்க மைக்ரோசாஃப்ட்டோட பிங் தேடலையே கழட்டி விடலாம், எட்ஜையும் அன்இன்ஸ்டால் பண்ணலாம், நமக்கு விண்டோஸோட உள் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கற ரெஜிஸ்ட்ரிதான் கதி. ரெஜ்எடிட் திறந்து கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் வரைக்கும் போங்க, அதுக்குள்ள எக்ஸ்ப்ளோரர்னு ஒரு கீ, அதாவது ஃபோல்டர் மாதிரி ஒண்ணு, இல்லன்னா நீங்களே உண்டாக்குங்க. அதுல 32 பிட் டிவேர்ட்ங்கற என்ட்ரி ஒண்ணு போடுங்க, பேரு டிஸேபிள் சர்ச் பாக்ஸ் சஜஷன்ஸ், எல்லாம் ஒட்டி ஒரே வார்த்தையா அடிக்கணும், வேல்யூ 1. லாக் அவுட் பண்ணி உள்ள வந்தா நெட் ரிசல்ட் போயிரும். கைய வைக்கறதுக்கு முன்னாடி ரெஜிஸ்ட்ரிய எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கோங்க. சர்ச் பாக்ஸ்ல தினமும் வர்ற படம் தொந்தரவா இருந்தா சர்ச் ஹைலைட்ஸ்னு ஒரு சுவிட்ச், அதே பிரைவசி பக்கம்தான், ஆஃப் பண்ணிருங்க.

வெட்டிப்பேச்சு_மணி:
நம்ம டிஸ்க்குல தேட எதுக்கு சார் பிங் வரணும், எனக்கு இது புரியவே மாட்டேங்குது. 2020 பிப்ரவரி 5 அன்னைக்கு விண்டோஸ் 10ல உலகம் பூரா சர்ச் பாக்ஸ் வெள்ளையா நின்னுச்சு, கால்குலேட்டர்னு அடிச்சா கூட ஒண்ணும் வரல, கேட்டா சர்வர் பக்கம் நெட்வொர்க் கோளாறாம். அன்னைக்கும் இந்த மாதிரி ரெஜிஸ்ட்ரில பிங்க நிறுத்துனவனுக்குதான் சர்ச் வேலை செஞ்சுது. வசதின்னு சொல்லி நம்ம தலையில கட்டறாங்க, எட்ஜுக்கு ஆள் சேர்க்கற வேலைதான் இது. அண்ணே இண்டெக்ஸு கிண்டெக்ஸு எல்லாம் விடுங்க, எவ்ரிதிங்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, வாய்டு டூல்ஸ் சைட்ல மட்டும் எடுங்க. என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் டிரைவ்ல எல்லா ஃபைல் பேரும் ஒரே டேபிள்ல இருக்கும், இது அதை நேரா படிச்சிருது, பேர அடிக்க அடிக்க லிஸ்ட் சுருங்கிட்டே வரும். தமிழ்ல பேர் வச்ச ஃபைலும் வரும். பென் டிரைவ் பெரும்பாலும் வேற ஃபார்மேட்ல இருக்கும், அந்த ஃபோல்டர தனியா சேர்க்கணும், அவ்வளவுதான்.

நைட்ஷிஃப்ட்_அட்மின்:
மணி சொல்ற மாதிரி எவ்ரிதிங் நல்ல சாமான்தான், நானும் போட்டிருக்கேன். ஆனா அது பேர தேடத்தான், உள்ள இருக்கற எழுத்த தேட சொன்னா ஃபைல் ஃபைலா திறந்து பாக்கும், அப்ப மறுபடி டீ குடிச்சிட்டு வரணும். அதுக்கு இண்டெக்ஸ்தான் சரி. இன்னொண்ணு, விண்டோஸ் இண்டெக்ஸ் வார்த்தையோட தொடக்கத்த வச்சுதான் தேடும், குமார்னு அடிச்சா செல்வகுமார் வராது, நம்ம பேரெல்லாம் இப்படி சேர்ந்தே இருக்கறதால இது ரொம்ப படுத்தும். முன்னாடி ஒரு ஸ்டார் போட்டு அடிங்க, வரும். எவ்ரிதிங்ல இந்த ஸ்டார் கதை கிடையாது, நடுவுல இருந்தாலும் பிடிக்கும்.

அச்சுமை:
ரெண்டு பேருக்கும் நன்றி. எவ்ரிதிங் போட்டேன், பேர் அடிச்சு முடிக்கறதுக்குள்ள ஃபைல் வந்துருச்சு. ரெஜிஸ்ட்ரி வேலைய பக்கத்து கடை தம்பிய வச்சு பண்ணேன், நெட் செல்வகுமாருங்க எல்லாம் ஒழிஞ்சாங்க. ஃபோல்டர இண்டெக்ஸ்ல சேர்த்து ராத்திரி பூரா ஓட விட்டேன், வேர்டு ஃபைல்ல இங்கிலீஷ்ல அடிச்சதெல்லாம் உள்ள வரைக்கும் தேடுது, தமிழ் மட்டும் வரவே இல்ல. திருமணம்னு அடிச்சா ஒண்ணு கூட வரல, கடை பூரா திருமணம்தான்யா இருக்கு! ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல மூணு புள்ளி மெனுக்குள்ள ஆப்ஷன்ஸ்ல இருக்கற ஆல்வேஸ் சர்ச் கன்டென்ட்ஸும் டிக் பண்ணி பாத்தாச்சு.

எழுத்துரு_வண்டு:
நீங்க பாமினிலயா அடிக்கறீங்க? அப்ப அது சர்ச்சோட குத்தம் இல்ல சார். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுல கண்ணுக்குத்தான் தமிழ், ஃபைலுக்குள்ள இருக்கறது ஆங்கில எழுத்தும் செமிகோலனும்தான், நீங்க இப்ப போன்லயும் நெட்லயும் இருக்கற பொது எழுத்து முறையான யூனிகோடுல திருமணம்னு தேடுனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தமிழ்நாடு அரசு 2010லயே யூனிகோட தரமா அறிவிச்சிருச்சு, ஆனா பேஜ்மேக்கருக்கு யூனிகோடு ஒத்து வராததால அச்சு தொழில் மட்டும் பழசுலயே நின்னுருச்சு.

ஒரு குறுக்கு வழி இருக்கு. கீபோர்ட இங்கிலீஷ்ல வச்சுகிட்டு, பாமினில திருமணம்னு அடிக்க எந்தெந்த கீய தட்டுவீங்களோ அதையே சர்ச் பாக்ஸ்ல தட்டுங்க, கடைசில வர்ற செமிகோலன மட்டும் விட்டுருங்க. பாக்க கன்னாபின்னான்னு இருக்கும், ஆனா வேர்டு ஃபைல் வரும். ஒரு தொல்லை, பாமினில சின்ன யூ அடிச்சா ர, பெரிய யூ அடிச்சா ரு, சர்ச்சுக்கு சின்னதும் பெரிசும் ஒண்ணுதான், அதனால சம்பந்தம் இல்லாத ஃபைலும் நாலு சேர்ந்து வரும். பேஜ்மேக்கர் ஃபைலுக்கு இதுவும் செல்லாது, அதை உள்ள திறந்து படிக்கற ஃபில்டர் விண்டோஸ்ல கிடையாது. அதுக்கெல்லாம் ஃபைல் பேர்லயே மாப்பிள்ளை பேர், பொண்ணு பேர், ஊர் மூணையும் யூனிகோடுல போட்டு சேவ் பண்ணுங்க, எவ்ரிதிங் பிடிச்சிரும்.

அச்சுமை:
பாமினியேதான். கீ தட்டி பாத்தேன், பழைய வேர்டு மேட்டர் பாதி வந்துருச்சு. ஆனா பேஜ்மேக்கர்ல யூனிகோடு பேர் வச்ச ஃபைல திறந்தா பேர் இருக்கற இடத்துல கேள்விக்குறியா வருது, சில சமயம் திறக்கவே மாட்டேங்குது.

எழுத்துரு_வண்டு:
ஆமா, அது யூனிகோடுக்கு முந்தின காலத்து சாஃப்ட்வேர், அப்படித்தான் பண்ணும். அப்ப ஃபோல்டருக்கும் தமிழ் பேர் வேண்டாம், பேர எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலயே வைங்க. ஒரே ஸ்பெல்லிங்ல வைங்க, ஒரு நாள் தீபாவுக்கு ரெண்டு ஈ, மறுநாள் ஒரு ஐன்னு போட்டா எவ்ரிதிங்கும் கைய விரிச்சிரும்.