செங்கோணத்தை அமைக்கும் இரண்டு கோடுகளுக்கு ஒரு பெயர்: ‘செங்கால்’

அன்பர்களுக்கு வணக்கம்.

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் கோட்டுக்குத் தமிழ்நாட்டில் கர்ணம் என்றும் இலங்கையில் செம்பக்கம் என்றும் பெயர் உண்டு. ஆனால் அந்தச் செங்கோணத்தையே அமைக்கும் மற்ற இரண்டுக்கும் தனிப்பெயர் இல்லாமல், ‘செங்கோணத்தை உள்ளடக்கிய பக்கங்கள்’ என்று நீட்டி எழுதி வருகிறோம். அந்த இரண்டையும் ‘தாங்குபக்கம்’ என்றால் போதுமே என்று இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். அதை ஏற்க நான் தயங்குவதற்குக் காரணம் ஒரு காற்றாடிப் பட்டம்.

மொரீசியசில், ரோஸ்ஹில் அருகே ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். பள்ளியில் கணக்கை ஆங்கிலத்தில் படித்து வீட்டில் கிரியோல் பேசும் இவர்கள், கணக்கைத் தமிழிலும் சிந்திக்க முடியும் என்று அறிய வேண்டும் என்பது என் ஆசை. தென்கிழக்குக் காற்று வீசும் ஆகஸ்டு மாதத்தில் பட்டம் ஒன்றையே கணக்காகக் கொடுத்தேன். நெடுக்குக் குச்சி 21 செ.மீ.; அதன் மேல்முனையிலிருந்து 5 செ.மீ. கீழே, 24 செ.மீ. நீளமுள்ள குறுக்குக் குச்சி செங்குத்தாக, தன் நடுவில் கட்டப்பட்டிருக்கிறது. ஓரத்தைச் சுற்றிக் கட்ட எவ்வளவு நூல் வேண்டும்? குச்சிகள் பிரிக்கும் செங்கோண முக்கோணங்களில், இரண்டு அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், மேலே 5, 12 என்ற அளவுகளிலிருந்து 13 கிடைக்கும். கீழே 16, 12 என்ற அளவுகளிலிருந்து 20 கிடைக்கும். ஒவ்வொன்றும் இருமுறை வருவதால் சுற்றளவு 66 செ.மீ.

ஒரு சிறுமி 24ஐயும் சேர்த்து 90 என்று எழுதியிருந்தாள். வர்க்கமூலங்கள் இரண்டும் சரியாகவே இருந்தன. ஏன் 90 என்று கேட்டபோது, குறுக்குக் குச்சியின் மேல் விரலை வைத்து, “இதுவும் பக்கம்தானே, ஐயா?” என்றாள். அவள் சொன்னது சரி. சற்று முன்பு அந்தப் 12 செ.மீ. துண்டைப் ‘பக்கம்’ என்று கரும்பலகையில் எழுதியவன் நான்தான். முக்கோணத்தின் பக்கத்துக்கும் பட்டத்தின் பக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, பக்கங்களைக் கூட்டு என்று சொன்னால் பிள்ளை எதைக் கூட்டும்? ‘தாங்குபக்கம்’ என்றாலும் அதே பக்கம் உள்ளே நுழைந்துவிடுகிறது.

பிரெஞ்சு வகுப்புகளிலும் ‘செங்கோணத்தின் பக்கங்கள்’ என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘லெக்’, அதாவது கால், என்ற சிறு சொல் இருக்கிறது. தமிழில் வெறும் ‘கால்’ என்றால் நான்கில் ஒரு பங்கோடு மோதும். கணக்கில் அந்த மோதல் கூடாது. காலுக்குப் பதில் கையை வைத்துச் ‘செங்கை’ என்றால், அப்படிச் சுருக்கி அழைக்கப்படும் செங்கல்பட்டு ஊர் தமிழ்நாட்டாருக்கு நினைவுக்கு வரும். ஆகவே ‘செங்கால்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். செங்கோணம், செங்குத்து ஆகியவற்றில் நேர் என்ற பொருளில் உள்ள அதே செம்மையும், பந்தற்கால், நாற்காலி ஆகியவற்றில் தாங்கி நிற்கும் அதே காலும் இதில் சேர்ந்திருக்கின்றன. நாரையின் சிவந்த கால் நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். செங்கோணம் என்றதும் யாருக்கும் சிவப்பு நிறம் தோன்றுவதில்லை. பிதாகரஸ் தேற்றமும் சுருங்குகிறது: செங்கால்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். செங்கால் எப்போதும் உருவத்தின் உள்ளேதான் இருக்கும் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. 16, 30 என்ற மூலைவிட்டங்களை உடைய சாய்சதுரத்தில் செங்கால்கள் 8, 15. இரண்டும் உள்ளே இருக்கின்றன. கர்ணமாகிய 17 மட்டுமே நான்கு முறை வந்து சுற்றளவு 68 ஆகிறது. செவ்வகத்தில் இது தலைகீழ்: மூலைவிட்டம் 25, ஒரு பக்கம் 7 என்றால் மற்றது 24, கர்ணம் உள்ளே கிடக்க, செங்கால்களே ஓரமாகிச் சுற்றளவு 62 ஆகிறது. இருசமபக்கச் சரிவகத்திலோ, உயரமாகும் செங்கால் உள்ளேயும் மற்றொரு செங்கால் அடிப்பக்கத்தின் ஒரு துண்டாகவும் அமையும். எது ஓரம் என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். ‘பக்கம்’ என்ற சொல்லை முழு உருவத்துக்கென்று ஒதுக்கித் தருவதே ‘செங்கால்’ செய்யும் உதவி.

இலங்கை அன்பர்களிடம் ஒரு கேள்வி. செம்பக்கமும் செங்காலும் ஒரே வரியில் வரும்போது, இரண்டும் ‘செம்’, ‘செங்’ என்று ஒன்றுபோலத் தொடங்குவதால் உங்கள் மாணவர்கள் குழம்புவார்களா? குழம்புவார்கள் என்றால், செங்காலோடு கர்ணத்தையே இணைத்து வழங்க உங்களுக்கு இசைவா என்று எழுதுங்கள்.